பாயில் பூத்த உப்பு

பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறிய வாரம், ஓடைக்கரைப்பட்டி பால்வாடியின் ஆயா சொர்ணம் மாரியம்மனுக்கு விரதமிருந்து கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தாள். விரதக்காரி வாயில் பொழுதடையும்வரை பருக்கை படக்கூடாது என்பதால், பிள்ளைகளுக்கு ஆக்கிய பருப்புச்சோற்றை ருசி பார்க்காமல் கைப்பழக்கத்தில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்க வெளியே போனாள். முந்தின நாள் சோறு சப்பென்று இருந்ததை நினைத்துக்கொண்ட ஜெயசெல்வி டீச்சர், பாவம், பசி மயக்கத்தில் இன்றைக்கும் மறந்திருப்பாள் என்று இரக்கப்பட்டு, தன் பங்குக்கு இன்னொரு பிடி அள்ளிப் போட்டுக் கிண்டிவிட்டாள். ஒருத்தி பக்தியில் செய்தது, ஒருத்தி இரக்கத்தில் செய்தது. அந்த ஊரில் அதற்குப் பிறகு நடந்ததெல்லாமும் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லாமலே நடந்தது.

பிள்ளைகள் சாப்பிட்டார்கள். தட்டில் பெரியவர்கள் எதைப் போடுகிறார்களோ அதுதான் சோற்றின் ருசி என்று நம்புகிற வயது. ரெண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், ஒருத்தன் நாக்கை நீட்டிச் சட்டையில் துடைத்தான், எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டுக் கோரைப்பாயில் வரிசையாய்ப் படுத்துத் தூங்கிப்போனார்கள். எழுந்தபோது ஒவ்வொரு பாயிலும் ஒரு வெள்ளைப் பிள்ளை படுத்திருந்தது. கோலமாவில் வரைந்த மாதிரி, தலை, ரெண்டு கை, மடக்கின கால், எந்தப் பிள்ளை எப்படித் தூங்கியதோ அப்படியே.

அன்றைக்கு முதலில் வந்த தாய் வனராணி. கொண்டல்சாமி முதலாளியின் ஊறுகாய் ஷெட்டில் மாவடு போடுகிறவள், புருஷன் கோட்டயத்துப் பக்கம் ஓட்டலில் புரோட்டா தட்டுகிறவன், ஒற்றை மகள் தன்ஷிகாவுக்கு மூன்று வயது. வனராணி குனிந்து மகளின் பாயில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புக்கா."

"உப்பா?" என்றாள் சொர்ணம். "தாயே, இதென்ன சோதனை. ஏ பிள்ள, மிதிச்சிராத, உப்பு மகாலட்சுமில்லா."

மிதிக்கவும் கூடாது, குப்பையில் கொட்டவும் கூடாது என்பதால் சொர்ணம் அதைக் கூட்டி முறத்தில் அள்ளி, மாரியம்மன் கோயில் வாசலில் சனங்கள் உப்பும் மிளகும் நேர்ந்து கொட்டுகிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள். பூசாரி அழகர் பார்த்துவிட்டு, கோடை அம்மை வரும் முன்னே ஆத்தா பிள்ளைகள் உடம்பிலிருந்த சூட்டை வாங்கிக்கொண்டாள் என்று சொன்னார். ஊருக்கு அது போதுமாயிருந்தது. மறுநாள் சொர்ணம் ஒரு பிடிதான் போட்டாள், பாயில் ஒன்றும் விழவில்லை. ஆத்தா கோபித்துக்கொண்டாளோ என்று ஊர் பயந்தது. அதற்கடுத்த நாள் ரெண்டு பிடி போட்டாள், வெள்ளைப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், ஊர் கும்பிட்டது.

அந்த வருஷம் மாசியில் பெய்யக்கூடாத மழை பெய்து, மலையடிவாரத்தில் எந்த ஷெட்டிலும் வடு நிற்கவில்லை. காம்போடு பறித்து, கழுவிக் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பை அடுக்கடுக்காய்ப் போட்டு ஜாடியை மூடினால், திறக்கும்போது மேலே வெள்ளையாய்ப் பூஞ்சை, அடியில் கொழகொழவென்று அழுகல். இன்னொரு வாரம் இப்படியே போனால் ஷெட்டைப் பூட்டவேண்டியதுதான் என்று கொண்டல்சாமி சொல்லியிருந்தார். ஊரில் பாதி அடுப்பு அந்த ஷெட்டை நம்பி எரிந்தது. அவர் கோயிலுக்கு வந்தவர், நேர்ச்சை உப்பில் ஒரு கை அள்ளிக்கொண்டு போய், கண்ணை மூடிக் கும்பிட்டு ஒரு ஜாடியில் போட்டார். அந்த ஜாடி வடு கெடவில்லை. சுருங்கவேண்டிய அளவு சுருங்கி, பச்சை மாறாமல், கடித்தால் நறுக்கென்று உடைந்து, தின்றவர் இன்னொன்றுக்குக் கை நீட்டுகிற மாதிரி இருந்தது.

அதன்பிறகு பாயைக் கூட்டும் வேலைக்கு ஷெட்டிலிருந்தே ஒரு ஆள் வந்தது. பால்வாடிக்கே வராத பிள்ளைகளையெல்லாம் கொண்டுவந்து விட்டார்கள். நடக்கத் தெரியாததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பள்ளிக்கூடம் போகவேண்டியதை இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். பெரியவர்கள் சிலர் ஆசைப்பட்டுத் தாங்களும் உப்பை அள்ளித் தின்று படுத்துப் பார்த்தார்கள், வேர்வை நாற்றம் தவிரப் பாயில் ஒன்றும் மிஞ்சவில்லை. சோறு தின்றுவிட்டுப் பிள்ளைகள் நிறையத் தண்ணீர் குடித்தால் உப்பு மெலிந்துபோகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். தண்ணீர்ப் பானை தரையிலிருந்து ஜன்னல் திட்டுக்குப் போனது, அங்கிருந்து பிள்ளைகள் கை எட்டாத மேல் பலகைக்குப் போனது. பேசப் பழகிய கைக்குழந்தைகள் அந்த வருஷம் அம்மா என்று சொல்லும் முன்னே தண்ணி என்று சொன்னார்கள். தாய்மார் அதையும் அதிசயமாய் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள்.

ஷெட்டில் வடுவுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே அவர்கள் பேசுகிற பேச்செல்லாம் அதுதான்.

"எம் மவன் உப்பு பாத்தியா, சீனி கணக்கா இருக்கு" என்பாள் பஞ்சவர்ணம். அவள் மகன் மோனிஷ்.

"ஆமா, ஒரு கைப்பிடி சீனி. எங்க கிஷோர் பாயில முறம் ரொம்புது" என்பாள் செல்லத்தாய்.

"ரொம்பாம என்ன செய்யும்? உன்னைய மாதிரி எந்நேரமும் தூக்கந்தான அவனுக்கு."

"நான் தூங்குனத நீ வந்து பாத்தியாக்கும்!" சிரிப்பு ஓய்ந்ததும் பஞ்சவர்ணம் இந்தப் பக்கம் திரும்புவாள். "ஏ வனராணி, உம் பிள்ளை பாயில கோடு கிழிச்சாப்ல விழுதாமே. வீட்டுக் கஞ்சிக்கு உப்புப் போடமாட்டியோ? ஊரு பூராம் சேந்து இழுக்கிற தேரு, நீ மட்டும் வடத்த விட்டுட்டு நிக்கலாமா?"

வனராணிக்கு மானக்கேடாய்ப் போனது. மறுநாள் காலைக் கஞ்சியில் ஒரு சிட்டிகை கூடப் போட்டாள். அடுத்த வாரம் ஒரு கரண்டி. தன்ஷிகா குடித்தாள். அன்று சாயங்காலம் மகளின் பாயில் கையும் காலும் மொத்தமாய் எழுந்து நின்ற வெள்ளைப் பிள்ளையைப் பார்த்து வனராணி, என் பிள்ளையும் பிள்ளைதான் என்று சந்தோஷப்பட்டதை, பாவம், யாரும் பறித்துக்கொள்ளவேண்டாம். அந்தச் சந்தோஷம் அவளுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

மேலே இருந்து பார்வையிட வந்த அதிகாரியம்மா ஒரு வாய்ச் சோற்றை எடுத்து வைத்தவள், ஜன்னலோரம் ஓடித் துப்பினாள்.

"என்னம்மா இது, கடலையே ஊத்தியிருக்கீங்க! சின்னப் பிள்ளைங்க சிறுநீரகம் என்னாகுறது?"

"பிள்ளைங்களுக்குப் பழகிருச்சுங்க மேடம்" என்றாள் ஜெயசெல்வி. அவள் சொன்னது பொய்யில்லை. பிள்ளைகள் அந்த அம்மா கண்முன்னே தட்டை வழித்துத் தின்றார்கள். அதிகாரியம்மா பாயில் படுத்திருந்த வெள்ளைப் பிள்ளைகளை ரொம்ப நேரம் பார்த்தாள், இதை எந்த வார்த்தையில் மேலே சொல்வது என்று யோசித்தாள், வார்த்தை அகப்படவில்லை. போகும்போது ஜீப்பில் ஒரு ஜாடி வடு ஏறியது.

கோடை முற்ற முற்ற, பாயில் விழுவது நிழல் போல இல்லாமல் சிலை போல ஆனது. மூக்கு வந்தது, இமைமுடி வந்தது, பாலுண்ணி வந்தது, தடுப்பூசித் தழும்பு வந்தது. அங்கே எது வந்ததோ அது இங்கே குறைந்தது. பிள்ளைகளின் முகம் ஓடைக்கல் மாதிரி வழுவழுவென்று ஆகிக்கொண்டு வந்தது. கண் இருந்தது, பார்க்கும். வாய் இருந்தது, தின்னும். ஆனால் இது இன்னார் கண், இன்னார் வாய் என்று சொல்லும்படியான ஒன்று அதில் இல்லை. ஓடி விளையாடுகிற பிள்ளைகளை வாசலில் நின்று பார்த்தால் ஒரே பிள்ளை பத்து இடத்தில் ஓடுகிற மாதிரி இருக்கும்.

ஊர் அதற்கும் ஒரு வழி பண்ணியது. கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம் என்று பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டினார்கள். வனராணி வீட்டுக்கு ஊதா. சாயங்காலம் தாய்மார் வந்து முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "கயிறு கட்டினா ஆச்சு, இதுக்குப்போய்..." என்று கொண்டல்சாமி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆடியில் ஓடையில் தண்ணீர் வந்தது. பிள்ளைகளைக் குளிப்பாட்டுகையில் மோனிஷ் கயிறும் கிஷோர் கயிறும் அவிழ்ந்து தண்ணீரோடு போய்விட்டன. கரையில் அம்மணமாய் ரெண்டு பையன்கள் நின்றார்கள். ஒரே உயரம், ஒரே சிவப்பு அரைஞாண், ஒரே முகம். பஞ்சவர்ணம் ஒருத்தனை இழுத்தாள், செல்லத்தாயும் அவனையே இழுத்தாள். "எம் பிள்ளைய எனக்குத் தெரியாதாடி?" என்று ரெண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிக் கத்தினார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எந்தப் பேருக்கும் ரெண்டு பேரும் தண்ணி தண்ணி என்றார்கள்.

கடைசியில் கோயிலில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். சாமி முன்னால் ஒரு சின்னப் பெண்ணை விட்டுச் சீட்டு எடுக்கச்சொல்லி, பூசாரி பிரித்துப் படித்து, இவன் பஞ்சவர்ணத்துக்கு, அவன் செல்லத்தாய்க்கு என்று கொடுத்தார். பஞ்சவர்ணம் அவனுக்கு விபூதி பூசி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஊர் கலைந்தது. வனராணி மட்டும் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தவள், ஊதாக் கயிற்றுக்கு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள், அதற்கு மேல் இன்னொன்று போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஷெட்டில், கோடையில் ஊறப்போட்ட வடுவைப் பெரிய ஜாடிக்கு மாற்றி அடுக்கி உப்பை வாரிப் போடுகையில், வனராணியின் கையில் உடையாத உப்புக் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். ஒரு காது. சின்ன இடது காது. மடலில் துளை இருந்தது. நடுவில் இல்லாமல் ஓரமாய், கீழே சரிந்து. தன்ஷிகாவுக்குக் காது குத்தும்போது அவள் தலையைத் திருப்பியதால் ஆசாரியின் கை தவறியதும், தாய்மாமன் மடியில் ரத்தம் பட்டதும், அப்போது மகள் போட்ட சத்தமும் அவளுக்கு ஒன்றாய் நினைவு வந்தது. காதை முந்தானையில் முடிந்துகொண்டு, வேலை முடியும் முன்னே ஓடினாள். பால்வாடியிலிருந்து மகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். தன்ஷிகாவின் இடது காதில் துளையே இல்லை. வழுவழுவென்று இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளைகள் எதைக் கண்டாலும் வாயில் வைப்பதுபோல் தன்ஷிகா முந்தானை முடிச்சைச் சப்பத் தொடங்கினாள். பிடுங்கப்போன வனராணி பிடுங்காமல் விட்டாள். முடிச்சுக்குள்ளிருந்த காது கரைந்துபோகும்வரை சப்பிவிட்டு, சொம்புச் சொம்பாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மகள் மடியில் தூங்கினாள். விடிந்து பார்த்தபோது இடது காதில் ஓரமாய், சரிந்து, துளை இருந்தது.

அன்று வனராணி மகளைப் பால்வாடிக்கு அனுப்பவில்லை. ஊர் சண்டைக்கு வரவில்லை. பூசாரி வந்தார், ஜெயசெல்வி டீச்சர் வந்தாள், கொண்டல்சாமி செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"தாயி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத. உம் பிள்ளைய நீ வச்சுக்க, வேணாங்கல. ஷெட்டு ஓடணும்ல? உம் பிள்ளை போடுறதையும் மத்த பிள்ளைங்கதான போடணும்? தட்டுக்கு அரைக் கரண்டி கூடும். அவ்வளவுதான்."

அவர் தன்மையாய்த்தான் சொன்னார். வனராணி அந்த அரைக் கரண்டியை மனசுக்குள் அளந்து பார்த்தாள். தன் மகளைக் காப்பாற்றினால் பஞ்சவர்ணத்தின் மகன் கூடுதலாய்க் கரைவான். காப்பாற்றாவிட்டால் தன் மகள் கரைவாள். அவள் எழுந்து நேரே பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போனாள். பஞ்சவர்ணம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், பையன் எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மதினி, போன உப்பு திரும்ப வரும்" என்றாள் வனராணி. காதைப் பற்றிச் சொன்னாள்.

பஞ்சவர்ணம் திரும்பவில்லை. "ஷெட்டு போச்சுன்னா உன் காதையா அறுத்துத் திங்கிறது?"

"போகட்டும் மதினி. மில்லுக்கு வேன் வருது, போவோம்."

"லேசாச் சொல்லிட்ட." பிறகு அவள் குரல் இறங்கியது. "ஏ வனராணி, இவன் கொட்டாவி விட்டா எம் மவன் மாதிரி இருக்குடி. தும்முனா செல்லத்தாய் மவன் மாதிரி இருக்கு. நான் இவன அடிக்கவும் பயந்துகிட்டு இருக்கேன், கொஞ்சவும் பயந்துகிட்டு இருக்கேன். மூஞ்சி வருமாடி? நெசமா வருமா?"

மறுநாள் ஷெட்டுக்கு வந்த பெண்கள் ஒருத்தியும் வடுவில் கை வைக்கவில்லை. பஞ்சவர்ணமும் செல்லத்தாயும் முதல் ஜாடியைச் சாய்த்தார்கள், மற்றவர்கள் குடத்தோடு வந்தார்கள். கொண்டல்சாமி வாசலில் கையை விரித்து மறித்தார், அப்புறம் அவருடைய சம்சாரமே, பேத்திக்கு முகம் வேண்டுமென்று, ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். பிள்ளைகளின் உப்பு கரைந்த ஜாடித் தண்ணீரைப் பால்வாடிக்குச் சுமந்தார்கள். சொர்ணம் மேல் பலகையிலிருந்து பானையை இறக்கினாள். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒரு அகப்பை ஜாடித் தண்ணீர் என்று கலந்து, உப்பே போடாத கஞ்சியோடு, வேளைக்குக் கொஞ்சமாய்க் கொடுத்தார்கள். பிள்ளைகள் குடித்தார்கள். ஓடை குடிக்கிற மணல் மாதிரி குடித்தார்கள். பாயில் அன்றிலிருந்து ஒன்றும் விழவில்லை. தண்ணீர் வடித்த ஜாடிகளில் வடு அழுகி, ஷெட்டின் நாற்றம் ஊர் எல்லைவரை வீசியது.

முகங்கள் வரத் தொடங்கின. ஆனால் கூட்டி அள்ளும்போது யாரும் பிள்ளை பிள்ளையாய் அள்ளவில்லையே. எல்லாம் ஒரே முறம், ஒரே மூட்டை, ஒரே ஜாடி. யார் கண் யாருக்கு, யார் மூக்கு யாருக்கு என்று தண்ணீருக்கு என்ன தெரியும்? தன்ஷிகாவுக்கு வந்த புருவம் மேலத்தெருப் பையனுடையது. பூசாரி பேரனின் மோவாய்க் குழி ஒரு சாலியர் வீட்டுப் பெண்ணுக்கு வந்தது. முன்பே லாரி ஏறிப்போன ஜாடிகளில் இருந்தது எதுவும் யாருக்கும் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு இமைமுடி வரவேயில்லை. இன்னொன்றுக்கு உள்ளங்கையில் ரேகை இல்லை. அது எந்தப் பட்டணத்தில், யார் வீட்டுத் தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் போனதோ.

ஷெட்டைப் பூட்டினார்கள். பெண்கள் இருட்டோடு மில் வேனில் போய்வந்தார்கள். வேலை மாறும் நாட்களில் மதியம் யார் வீட்டில் இருந்தாலும் பால்வாடிக்கு வந்துவிடுவாள். சோற்றில் முதல் வாய் அவள் தின்பாள். தின்றபின்தான் சொர்ணம் தட்டை எடுக்கமுடியும். விரதம் என்று சொல்லிச் சொர்ணமும் தப்பிக்கமுடியாது, அவளும் ஒரு வாய் தின்னவேண்டும். எந்தத் தட்டிலும் யாரும் அரைச் சிட்டிகை கூட்டிப் போட விடமாட்டார்கள். எந்தப் பிள்ளையின் முகத்தில் தன் பிள்ளையின் எது இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

அப்படி ஒரு மதியம் பஞ்சவர்ணம் ரெண்டு பையன்களையும் எதிரே உட்காரவைத்துச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். செல்லத்தாய் அன்று மில்லுக்குப் போயிருந்தாள். ஒருத்தனுக்கு மோனிஷின் நெற்றியும் கிஷோரின் கண்ணும், மற்றவனுக்குக் கிஷோரின் நெற்றியும் மோனிஷின் கண்ணும் வந்திருந்தன. சீட்டை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று பூசாரி கேட்டதற்கு, ரெண்டு தாய்மாரும் அவரை அடிக்கப் போனார்கள்.

"எம்மா, எனக்கு முதல்ல" என்றான் ஒருத்தன்.

"எனக்குத்தான் முதல்ல, எம்மா" என்றான் மற்றவன்.

பஞ்சவர்ணம் ரெண்டு கையிலும் ரெண்டு உருண்டை உருட்டினாள். வனராணி பக்கத்தில் தன்ஷிகாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பார்த்தாள்.

"எந்த வாயி எனக்குப் பிறந்ததுன்னு தெரியல" என்றாள் பஞ்சவர்ணம். "ரெண்டையும் திறங்கடா."

ரெண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். வலதுபக்கம் இருந்தவனின் கீழுதடு வனராணி பெற்றது.